லயத்துக்கு ஏறும் பாதை: சரிவில் உடைந்த ரோட்டைச் சீர்செய்ய ஒரு பாடம்



இந்த முறை நம்ம பாடம் புத்தகத்தில் இருந்து வருவதல்ல. காலடியில் இருந்து வருவது. மெயின் ரோட்டில் இருந்து லயத்துக்கு ஏறுகிற அந்தச் சரிவுப் பாதையை நினைத்துப் பாருங்கள். கொழுந்து லொறி, முச்சக்கரவண்டி, அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், வாயும் வயிறுமான பெண்கள், எல்லாரும் எல்லாமும் அதில்தான் ஏறி இறங்க வேண்டும்.

அது உடைந்துவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணினால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். ஆனால் அது லயத்து வாசலுக்கு ஏற முடியாமல் கீழேயே நின்றுவிட்டால், நோயாளியைக் கதிரையில் உட்காரவைத்து நாலு பேர் சுமக்க வேண்டியதுதான். அந்த அரை மணி நேரத்தில் ஓர் உயிர் போகலாம். அதனால் பாதை என்பது வசதிக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை.

இந்தப் பாடத்தில் மூன்று விஷயங்களைப் பார்ப்போம். சரிவில் பாதை ஏன் உடைகிறது? நம் கையால் அதை எப்படிச் சீர்செய்யலாம்? எந்த இடத்தில் நாம் கை வைக்காமல், பொறுப்பானவர்களைக் கூப்பிட வேண்டும்?

பாதையைக் கெடுப்பது யார்?

"லொறி ஓடித்தான் ரோடு கெட்டுப்போச்சு" என்று நாம் சொல்கிறோம். அதில் பாதிதான் உண்மை. காய்ந்து இறுகிய மண் பாரத்தைத் தாங்கும். அதே மண் நனைந்து சேறானால், ஆள் நடந்தாலே கால் புதையும். முதலில் தண்ணீர் மண்ணைக் கெடுக்கிறது. பிறகுதான் சக்கரம் அதை உடைக்கிறது.

இருநூறு வருடத்துக்கு முன்பு ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் மக்காடம் என்பவர் சிறு சல்லிக்கல்லை அடுக்கி இறுக்கி ரோடு போடும் முறையைக் கொண்டுவந்தார். உலகமெங்கும் அது பரவியது. அவர் சொன்ன அடிப்படை இதுதான்: பாரத்தைத் தாங்குவது மேலே போட்ட கல் அல்ல, அடியில் இருக்கிற மண், அந்த மண்ணை நனையாமல் பார்த்துக்கொள்வதே ரோட்டுக்காரனின் முதல் வேலை. தாரும் கொங்கிறீட்டும் வந்த பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை.

சரிவில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் ஓட ஓட வேகம் கூடும். ஓட்டம் இரண்டு மடங்கானால் மண்ணை இழுக்கிற பலம் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்காகும். அதனால்தான் பாதையின் மேல் முனையில் விரல் அளவு கீறல், நடுவில் முழங்கால் ஆழப் பள்ளம், கீழ் முனையில் மண் குவியல் என்று பார்க்கிறோம்.

சமவெளியில் வேறு கதை

ஒப்பிட்டுப் பார்த்தால் இது நல்லாப் புரியும். அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக்கு உட்பக்கமாக, நாவிதன்வெளிப் பகுதியில் சொறிக்கல்முனை என்று ஓர் ஊர் இருக்கிறது. சுற்றிவர வயல். கல்முனையில் இருந்து அந்தப் பக்கம் போக கிட்டங்கித் தாம்போதியைத் தாண்ட வேண்டும். தாம்போதி என்றால், வெள்ளம் மேலால் பாய்ந்து போகிற மாதிரித் தாழ்வாகக் கட்டிய பாதை. வடகீழ்ப் பருவமழை பலத்தால் அது தண்ணீருக்குள் போய்விடும், போக்குவரத்து நின்றுவிடும்.

அங்கே ரோட்டைக் கெடுப்பது தேங்குகிற தண்ணீர். நிலம் மட்டம். தண்ணீர் வடிய இடமில்லை. நாள்கணக்கில் நின்று ரோட்டின் அடிமண்ணை ஊறவைக்கிறது. அதனால் அங்கே ரோட்டை உயர்த்துவார்கள், போக்குகளை அகலமாக வைப்பார்கள், ஊறின ரோட்டில் பாரவண்டி ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள்.

நம்ம மலையில் கெடுப்பது ஓடுகிற தண்ணீர். இங்கே ரோட்டை உயர்த்திப் பயனில்லை. தண்ணீரின் வேகத்தைக் குறைத்து, சிறுசிறு பங்காகப் பிரித்து, பாதையை விட்டு வெளியே அனுப்ப வேண்டும். நோய் ஒன்று போலத் தெரிந்தாலும் மருந்து வேறு.

இரண்டு இடத்துக்கும் பொதுவான ஒரு பாடமும் இருக்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவுக்குப் பக்கத்தில் மாவடிப்பள்ளியில், வெள்ளம் மூடிய வீதியைக் கடக்கப் போன உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, மத்ரஸாவில் படித்த பிள்ளைகள் உயிரிழந்தார்கள். பாதைக்கு மேலால் ஓடுகிற தண்ணீரின் ஆழமும் தெரியாது, அதற்கடியில் பாதை இருக்கிறதா என்பதும் தெரியாது. மலையிலும் சரி, சமவெளியிலும் சரி, தண்ணீர் வடியும்வரை காத்திருப்பதுதான் புத்தி.

குடை பிடித்துக்கொண்டு பாருங்கள்

பாதையைச் சோதிக்க நல்ல நேரம் வெயில் அல்ல, மழை. மழை பெய்கிறபோது குடையோடு போய் மேல் முனையில் இருந்து கீழ் முனைவரை நடந்து பாருங்கள். கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் இருக்கட்டும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

1. தண்ணீர் எந்த இடத்தில் பாதைக்குள் நுழைகிறது? மலைக் கானில் இருந்தா, லயத்துக் கூரையில் இருந்தா, பீலித் தண்ணீர் வழிந்தா?

2. பாதையில் எவ்வளவு தூரம் ஓடுகிறது? எந்த இடத்தில் வெளியேறுகிறது?

3. பக்கக் கானில் தண்ணீர் போகிறதா, அல்லது கான் அடைபட்டுப் பாதையிலேயே போகிறதா?

4. வெளியேறுகிற தண்ணீர் யார் வீட்டுக்கு மேலே போய் விழுகிறது?

நாலாவது கேள்வியை மறக்க வேண்டாம். நம்ம பாதையைக் காப்பாற்றுகிறோம் என்று தண்ணீரைக் கீழ் லயத்துக் கூரைக்குத் திருப்பிவிட்டால் அது சீர்திருத்தம் ஆகாது.

பல இடத்தில் விடை வெகு சாதாரணமாக இருக்கும். உடைந்த பீலிக்குழாய், தொங்கிப்போன கூரைப் பீலி, உரப்பையும் பிளாஸ்டிக்கும் அடைத்த கான். இதைச் சரிசெய்யக் காசு வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

சரிவை அளக்கும் முறை

எந்த மருந்து என்று முடிவுசெய்ய, சரிவு எவ்வளவு என்று தெரிய வேண்டும். பத்து அடி நீளமான நேரான கம்பு ஒன்றை எடுங்கள். ஒரு முனையைப் பாதையில் வையுங்கள். மறு முனையைச் சரிவின் கீழ்ப்பக்கமாக நீட்டி, கம்பு மட்டமாக வரும்வரை தூக்குங்கள். மேசன்மாரிடம் இருக்கிற மட்டப்பலகையைக் கம்பின் மேல் வைத்தால் மட்டம் தெரியும். இப்போது கீழ்ப்பக்க முனைக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள உயரத்தை அளவுங்கள்.

உயரம் அரை அடி என்றால் அது இருபதுக்கு ஒன்று: இலேசான சரிவு. ஓர் அடி என்றால் பத்துக்கு ஒன்று: நடுத்தரச் சரிவு. ஒன்றரை அடி என்றால் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று: செங்குத்தான சரிவு. இலேசான சரிவில் கிறவல் நிற்கும். நடுத்தரச் சரிவில் கிறவல் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் போகும். செங்குத்தில் போட்ட கிறவல் ஒரு பருவமழையைக்கூடத் தாங்காது. அங்கே கல் பாவ வேண்டும், அல்லது கொங்கிறீட் போட வேண்டும்.

முதல் வேலை: தண்ணீருக்கு வழி

சீமெந்து மூட்டையைப் பிரிக்கும் முன் மண்வெட்டியை எடுங்கள். இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள்: தண்ணிக்கு நாம வழி விட்டா, தண்ணி நமக்கு வழி விடும்.

பக்கக் கான்: பாதையின் மலைப்பக்கத்தில் கான் இருக்க வேண்டும். மேல் மலையில் இருந்து வருகிற தண்ணீர் பாதையைத் தொடும் முன்பே அதில் விழ வேண்டும். ஓர் அடி ஆழம், ஒன்றரை அடி மேலகலம் சிறு பாதைக்குப் போதும். கானின் ஓரங்களை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் இடிந்து விழும். சரிவு கூடிய இடத்தில் கானே அரிபட்டுப் பள்ளமாகும். அதற்கு இடையிடையே தடுப்புக் கல் வையுங்கள். தடுப்பின் நடுப்பக்கம் தாழ்வாகவும் இரு ஓரமும் உயரமாகவும் இருந்தால்தான் தண்ணீர் நடுவால் வழிந்து படிப்படியாக இறங்கும்.

இது நமக்குப் புது வித்தை அல்ல. தேயிலை மலையில் கான் வெட்டுகிறபோது இடையிடையே மண் தடுப்பு விட்டு, மண் குழியில் தங்க, தண்ணீர் மட்டும் வழிந்து போகிற மாதிரிச் செய்கிறோமே, அதே யோசனைதான். ஒரு வித்தியாசம்: ரோட்டோரக் கானில் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் ரோட்டின் அடிமண் ஊறிவிடும்.

குறுக்குச் சாய்வு: பாதையின் மேற்பரப்பு பலகை மாதிரி மட்டமாக இருந்தால் தண்ணீர் நீளத்துக்கு ஓடும். கானின் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஓரத்துக்குப் போய்விடும். பத்து அடி அகலமான பாதைக்கு ஒரு பக்கம் ஐந்து அங்குலம் தாழ்வாக இருந்தால் சரி.

குறுக்குக் கான்: நீளமான சரிவில் இது இல்லாமல் எந்த ரோடும் நிற்காது. பாதைக்குக் குறுக்கே, நேராக அல்லாமல் கீழ்நோக்கிச் சாய்வாக, ஆழம் குறைந்த ஒரு தாழ்வை அமைக்க வேண்டும். நேர்க்குறுக்கே வெட்டினால் மண் அடையும், வண்டியின் இரு சக்கரமும் ஒன்றாக விழுந்து குலுங்கும். சாய்வாக இருந்தால் தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும், சக்கரமும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். தாழ்வின் அடியில் கருங்கல் பாவிவிடுங்கள்.

இலேசான சரிவில் நூறு அடிக்கு ஒன்று, நடுத்தரத்தில் அறுபது அடிக்கு ஒன்று, செங்குத்தில் நாற்பது அடிக்கு ஒன்று என்று வையுங்கள். மழை கூடிய பக்கமாக இருந்தால் இன்னும் நெருக்கமாக வைக்கலாம்.

வெளியேறும் வாய்: தண்ணீர் விழுகிற இடத்தில் பெரிய கற்களைப் பரப்பி, சுற்றிவர வெட்டிவேரோ மானாப்புல்லோ நெருக்கமாக நடுங்கள். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். புதிதாக வெட்டிய மண்மேட்டில், நிரப்பிய மண்ணில், வீட்டுக்கு மேலே தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம். இயற்கையான ஓடைவரை கொண்டுபோய் விடுங்கள்.

குழியை நிரப்புவது

மண்பாதையில் குழி விழுந்தால் ஒரு கூடை மண்ணைக் கொட்டிக் காலால் மிதித்துவிடுகிறோம். அடுத்த மழையில் குழி திரும்பி வந்துவிடும். சரியான முறை இது.

குழியில் உள்ள தண்ணீரையும் சேற்றையும் முழுதாக அள்ளுங்கள். இறுகிய மண் தெரியும்வரை தோண்டுங்கள். ஓரங்களைச் சதுரமாக, நேராக வெட்டுங்கள். சட்டி மாதிரி இருந்தால் நிரப்பியது வழுகி வெளியே வரும். களிமண்ணும் சிறு கல்லும் கலந்த கிறவலை நாலு அங்குலம் போட்டு, இலேசாகத் தண்ணீர் தெளித்து, கனமான இடிகட்டையால் நல்லா இடியுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது, அதுதான் ஈரப்பதம். பிறகு அடுத்த நாலு அங்குலம். ஒரே தடவையில் ஓர் அடி நிரப்பி மேலால் மட்டும் இடித்தால் அடிப்பக்கம் இளகியே கிடக்கும். கடைசியில் பாதை மட்டத்தை விட அரை அங்குலம் உயரமாக விடுங்கள். சக்கரம் ஓடி அமரும்.

தார் ரோட்டுக் குழிக்கும் சேற்றை அள்ளிச் சதுரமாக வெட்டுவது பொருந்தும். ஆனால் ஈரமான குழியில் தார் ஒட்டாது. தார் வேலையைப் பழகின ஆட்களிடம் விடுவது நல்லது.

கல் பாவுவது

செங்குத்தான இடத்துக்குச் செலவு குறைந்த நல்ல வழி கல் பாவுதல்தான். மலையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆறு முதல் ஒன்பது அங்குலக் கருங்கற்களை எடுங்கள். கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். நீளப்பக்கம் மண்ணுக்குள் இறங்க வேண்டும். படுத்த கல் சக்கரம் பட்டதும் புரளும், நிற்கிற கல் புரளாது.

எப்போதும் கீழ் முனையில் தொடங்கி மேலே ஏறுங்கள். முதல் வரிசைக்குப் பாதையின் குறுக்கே ஓர் அடி ஆழமான சால் வெட்டி, இருப்பதில் பெரிய கற்களைப் புதையுங்கள். இந்த வரிசைதான் மேலே வருகிற அத்தனை கல்லையும் தாங்கும். இதை விட்டால் முழுப் பாவுதலும் ஒரு நாள் கீழே நழுவும். பிறகு பத்தடிக்கு ஒருமுறை இப்படி ஒரு தாங்கு வரிசை வையுங்கள். இடைவெளிகளில் சிறு கல்லை இறுக்கி அடித்து, மேலால் கிறவலைத் தூவிக் கூட்டிவிடுங்கள்.

கொழுந்துக் கூடையைச் சுமந்து பெண்கள் இறங்குகிற ஒற்றையடிப் பாதைக்கும் இது உதவும். அங்கே படியாக அடுக்கலாம். படி உயரம் ஆறு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பாரத்தோடு இறங்குகிற முழங்காலுக்கு அதுவே அதிகம்.

கொங்கிறீட் போடுவதானால்

உடைந்த கொங்கிறீட்டின் மேல் சீமெந்துச் சாந்தைப் பூசி மறைப்பது வீண்செலவு. மெல்லிய பூச்சு ஒட்டாது, சில மாதத்தில் அப்பளம் மாதிரி உரிந்து வரும். கொங்கிறீட்டை அலவாங்கால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்டால் அடிமண் கழுவுப்பட்டுப் போயிருக்கிறது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, அடியை நிரப்பி இடித்து, புதிதாகப் போடுவதுதான் வழி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பத்து அடி நீளம், எட்டு அடி அகலம், நாலு அங்குலக் கனம் கொண்ட ஒரு துண்டு. ஒன்று, இரண்டு, நாலு என்ற கலவைக்கு 50 கிலோ சீமெந்து மூட்டை ஐந்து வேண்டும். மணல் ஏறக்குறைய பன்னிரண்டரை கன அடி, முக்கால் அங்குலச் சல்லி இருபத்தைந்து கன அடி. முச்சக்கரவண்டிக்கும் வானுக்கும் நாலு அங்குலம் போதும். லொறி ஏறுவதானால் ஆறு அங்குலம் வேண்டும். சீமெந்தும் ஒன்றரை மடங்காகும்.

கலவையில் தண்ணீரைக் கூட்ட வேண்டாம். ஒரு மூட்டைக்கு 25 முதல் 28 லீற்றர்; மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. இளகினால் வாரிப் போட இலகுதான், ஆனால் சரிவில் கீழே வழியும், காய்ந்த பிறகு பலமும் இருக்காது. இங்கேயும் கீழ் முனையில் தொடங்கி மேலே போங்கள். கீழ் முனையில் ஓர் அடி ஆழத்துக்குக் கால் இறக்குங்கள். பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒருமுறை குறுக்கே ஒரு பிரிவு விடுங்கள். இல்லாவிட்டால் அது தானே இஷ்டப்பட்ட இடத்தில் வெடிக்கும்.

மேற்பரப்பைக் கரண்டியால் வழுவழுப்பாகத் தேய்க்காதீர்கள். அழகாக இருக்கும், மழையில் ஆள் விழும். ஈரம் காயும் முன் ஈர்க்குமாற்றால் குறுக்கே இழுத்துக் கோடு விடுங்கள். கோடு குறுக்கே இருந்தால்தான் காலுக்கும் சக்கரத்துக்கும் பிடி கிடைக்கும்.

பிறகு ஏழு நாளைக்கு ஈரச்சாக்கு போட்டு நனைத்துவைக்க வேண்டும். மலையில் குளிராக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், காற்றும் ஈரத்தை எடுத்துவிடும். முச்சக்கரவண்டிக்கு இரண்டு வாரம், லொறிக்கு 28 நாள் பொறுக்க வேண்டும். அதுவரை பாதையை மறித்துவையுங்கள்.

சீமெந்து போதாவிட்டால் முழு அகலமும் போடத் தேவையில்லை. சக்கரம் ஓடுகிற இரண்டு தடத்துக்கு மட்டும், ஒவ்வொன்றும் மூன்று அடி அகலமாகப் போட்டு, நடுவில் கல் பாவலாம். குறுக்குக் கானை மட்டும் குறைக்க வேண்டாம்.

பூசி மறைக்கக் கூடாத வெடிப்பு

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். வீட்டில் வயதானவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எல்லா வெடிப்பும் ரோட்டு வெடிப்பு அல்ல. சில வெடிப்பு மலையினுடையது. பாதையில் பிறை நிலா மாதிரி வளைந்த வெடிப்பு வந்து, நாளுக்கு நாள் அகன்றால். வெடிப்பின் கீழ்ப்பக்கம் தாழ்ந்தால். மரமும் மின்கம்பமும் சாய்ந்தால். புதிய இடத்தில் ஊற்று வந்தால், அல்லது இருந்த ஊற்று திடீரென்று நின்றால், கலங்கினால். வீட்டுக் கதவு யன்னல் காரணமில்லாமல் இறுகினால், மலை நகரத் தொடங்கியிருக்கலாம். அதைச் சீமெந்தால் அடைத்துவிட்டு "சரியாப்போச்சு" என்று இருப்பது ஆபத்து.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்து, உயிர்களும் போயின, ரோடுகளும் போயின.

அடையாளம் கண்டால் செய்ய வேண்டியது: மழை நேரமென்றால் உடனே எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்கு விலகுங்கள். பொருட்களை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அந்த இடத்தைச் சோதித்துச் சொல்ல வேண்டியது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அவர்கள் சொல்லும்வரை அங்கே வெட்டவோ நிரப்பவோ வேண்டாம். பாதையை அகலமாக்க மலையடியை வெட்டுவதும் இதே ஆபத்தைக் கொண்டுவரும். காலை வெட்டினால் ஆள் நிற்பானா?

யார் செய்ய வேண்டிய வேலை?

"நாமதான் சிரமதானம் செய்யிறோமே, பிறகு யாரைக் கேட்கிறது?" என்று ஒரு தங்கச்சி கேட்கலாம். சிரமதானம் நல்ல பழக்கம். கானைத் துப்புரவாக்குவது, குழி நிரப்புவது, புல் நடுவது எல்லாம் நம்மால் முடியும். ஆனால் போக்கு வைப்பது, தாங்கு சுவர் கட்டுவது, லொறிப் பாதைக்குக் கொங்கிறீட் போடுவது பெரிய செலவு; பொறியியல் அறிவும் வேண்டும். அதை ஏழைத் தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமையில் சுமத்தக் கூடாது.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடை இருந்தது. வரிசையில் நின்று வாக்குப் போட்டோம், ஆனால் சபையின் ரோடு தோட்ட எல்லையோடு நின்றது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை சேவை செய்ய வழி திறந்தது. அதனால் இப்போது "சட்டத்தில் இடமில்லை" என்ற பதிலோடு திரும்பி வர வேண்டியதில்லை. தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி கொடுத்து, எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும், எழுதிக் கேட்டது கோவையில் நிற்கும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"தவிசாளர் அவர்களுக்கு,
எங்கள் தோட்டத்தின் ... பிரிவில், மெயின் ரோட்டில் இருந்து லயங்களுக்கு ஏறும் பாதை ... அடி நீளத்துக்கு உடைந்துள்ளது. சரிவு பத்துக்கு ஒன்று. இதை ... குடும்பங்கள் பயன்படுத்துகின்றன. மழை நாளில் அம்புலன்ஸ் ஏற முடியாது. பக்கக் கானை நாங்கள் துப்புரவாக்கியுள்ளோம். ஒரு போக்கும் ... அடி கொங்கிறீட்டும் தேவை. தொழில்நுட்ப அலுவலரை அனுப்பிப் பார்வையிட்டு ஆவன செய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்."

அளவும் எண்ணிக்கையும் உள்ள கடிதத்தை ஒதுக்குவது கஷ்டம். மழையில் குடை பிடித்து எழுதிய அந்தக் கொப்பி இங்கேதான் உதவும்.

எப்போது செய்யலாம்?

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தென்மேல் பருவமழைதான் பலம். அங்கே தை முதல் பங்குனிவரை வேலையை முடித்து, சித்திரைக்குள் கானைத் துப்புரவாக்குங்கள். பதுளை, பசறை, ஊவாப் பக்கம் வடகீழ் மழை வலுவாக வரும். அங்கே ஆனி முதல் ஆவணிவரையான காய்ந்த காலம் தோதானது. புல் நடுவதை மட்டும் மழை தொடங்குகிறபோது வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் வேர் பிடிக்கும்.

நீங்கள் கேட்கக்கூடிய சில கேள்விகள்

"அண்ணே, பாதை பாசி பிடிச்சு வழுக்குது. என்ன செய்யிறது?"
மேலே கவிந்த கிளையை வெட்டி வெயில் படவிடுங்கள். கம்பித் தூரிகையால் தேயுங்கள். தண்ணீர் கசிகிற இடத்தைக் கண்டுபிடித்துத் திருப்புங்கள். கசிவு நிற்காவிட்டால் பாசி திரும்ப வரும்.

"அக்கா, செங்கல் உடைசலையும் சாம்பலையும் குழியில் போடலாமா?"
சாம்பல் மழையில் கரைந்து போகும். செங்கல் சக்கரத்தில் நொறுங்கிச் சேறாகும். கருங்கல் சல்லியும் கிறவலும்தான் நிற்கும்.

"வெட்டின கானைப் பிள்ளைகள் தாண்ட வேண்டியிருக்கே?"
வாசலுக்கு நேரே ஒரு கற்பலகை போடுங்கள். மண்ணைப் போட்டு மூட வேண்டாம்.

செய்து பாருங்கள்

1. உங்கள் பாதையின் சரிவை மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். எந்த இடத்துக்குக் கிறவல், எந்த இடத்துக்குக் கல் என்று தீர்மானியுங்கள்.

2. அடுத்த மழையில் நடந்து பார்த்து, தண்ணீர் நுழைகிற இடத்தையும் வெளியேறுகிற இடத்தையும் ஒரு படமாகக் கீறுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கீறச் சொல்லலாம்.

3. எட்டு அடி நீளம், ஆறு அடி அகலம், நாலு அங்குலக் கனமான கொங்கிறீட்டுக்கு எத்தனை மூட்டை சீமெந்து வேண்டும்? (விடை: மூன்று)

4. லயத்துக்கு ஒருவராகச் சேர்ந்து ஒரு பாதைக் குழு அமையுங்கள். மாதத்தில் ஒரு நாள் கானைப் பார்ப்பது அதன் வேலை. பெண்கள் பாதிப்பேராவது இருக்க வேண்டும். அந்தப் பாதையில் பாரத்தோடு கூடுதலாக நடக்கிறவர்கள் அவர்கள்தான்.

சீர்செய்த பாதையை அப்படியே விட்டுவிட்டால் இரண்டு மழையில் பழையபடி ஆகிவிடும். கானில் விழுந்த ஒரு கூடை மண்ணை இன்றைக்கே அள்ளிப் போட்டால், நாளைக்கு ஒரு லொறி மண் தேவைப்படாது.